செருப்புக் கழற்றும் சிற்றாலயம்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் நார்போக் என்னும் கோட்டம் உளது. லண்டன் மாநகரிலிருந்து வடகிழக்காக நூறு மைலுக்கு மேல் சென்றால் அதன் வடபால் எல்லையை அடையலாம். மலை என்று சொல்லத்தக்க மேடு அங்கே எதுவும் இல்லை. வாற்கோதுமை வயல்கள், வயல்களைப் பிரிக்கும் வேலிப் புதர்கள், அவற்றினூடே வளைந்து செல்லும் ஒடுங்கிய பாதைகள், ஐந்தாறு மைலுக்கு அப்பால் கடல். இவையே அந்நிலத்தின் தோற்றம். ஸ்டிப்கி என்னும் ஆறு அவ்வழியே ஓடுகின்றது. ஆறு என்பது மரியாதைக்காகச் சொல்லும் சொல். நம் தஞ்சைத் தரணியில் அதனை வாய்க்கால் என்றே வழங்குவோம். அதன் கரையில், ஹௌட்டன் செயின்ட் ஜைல்ஸ் என்ற பெயருடன், சில வீடுகளும் ஒரு பழைய கோயிலும் ஆற்றைக் கடக்க ஒரு துறையும் கொண்ட சிற்றூர் ஒன்று அமைந்திருக்கின்றது.

ஊர்க்கோயிலைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1879-இல் அதனைப் பெரும்பாலும் இடித்துப் புதிதாகக் கட்டினர்; உள்ளே இருக்கும் ஓவியம் தீட்டிய மரத்தட்டி மட்டுமே இடைக்காலத்தது. நாம் காண வேண்டியது ஊரை ஒட்டிய பாதையோரத்தில் நிற்கும் மற்றொரு கட்டடம். உயர்ந்த கோபுரம் இல்லை. விரிந்த கூடம் இல்லை. நீளவாக்கில் ஒரே அறை. செங்குத்தான கூரை. மேற்கே சிலை வைக்கும் மாடங்களோடு கூடிய அழகிய முகப்பு. இது 1340-ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்டது என்பது அறிஞர் துணிபு. அலெக்சாந்திரியா நகரத்துப் புனித கத்தரீனாள் பெயரால் அமைந்த ஆலயம் இது. திருநாடு செல்லும் யாத்திரிகருக்கு அவ்வம்மையைக் காவலாகக் கருதியது அக்கால வழக்கம்.

ஆங்கிலத்தில் இதனை ‘ஸ்லிப்பர் சாப்பல்’ என்று வழங்குகின்றனர். தில்லியிலும் லக்னோவிலும் வாழும் நம்மவர் காதில் இப்பெயர் விழுந்தால் புன்னகை தோன்றும். முற்சொல்லுக்கும் செருப்பு என்றே பொருள். பிற்சொல்லோ இந்திச் ‘சப்பல்’ போல ஒலிக்கின்றது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இத்தகைய மயக்கங்கள் பெருவிருந்து. ஆகவே சிறிது நின்று செல்ல இசைவு வேண்டுகிறேன். ‘சாப்பல்’ என்பது ‘கப்பெல்லா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. கப்பெல்லா என்றால் சிறு மேலாடை. தூர்ஸ் நகரத்துப் புனித மார்ட்டின், படைவீரராக இருந்த நாளில், குளிரில் நடுங்கிய இரவலன் ஒருவனுக்குத் தம் போர்வையை வாளால் கிழித்துப் பாதியைக் கொடுத்தார் என்பது வரலாறு. அந்த மேலாடையைப் போற்றி வைத்த இடத்துக்கு ஆடையின் பெயரே ஆகி வந்தது; பின்னர்ச் சிற்றாலயம் ஒவ்வொன்றும் அப்பெயர் பெற்றது. கேரளத்தில் வாழ்வோர் வழியோரங்களில் காணும் ‘கப்பேள’ என்பதும் போர்ச்சுகீசியர் கொணர்ந்த இதே சொல்தான். நம் குமரி மாவட்டத்தார் குருசடி என்று சொல்வது ஏறத்தாழ இதற்கு இனமானது. ஆக, மேலாடையின் பெயர் கோயிலுக்கு ஆயிற்று. காலணியின் பெயர் இக்கோயிலுக்கு அடைமொழியாயிற்று.

அடைமொழி எவ்வாறு வந்தது? இங்கிருந்து வடக்கே ஒரு மைல் தொலைவில் லிட்டில் வால்சிங்கம் என்னும் ஊர் உளது. இடைக்கால இங்கிலாந்தில் தேவமாதாவுக்குரிய தலங்களுள் தலையாயது அதுவே. தெற்கிலிருந்து பலநாள் நடந்து வந்த யாத்திரிகர் இச்சிற்றாலயத்தில் தங்கித் தொழுது, பாதரட்சைகளைக் கழற்றி இங்கே வைத்துவிட்டு, எஞ்சிய ஒரு மைலை வெறுங்காலுடன் நடந்தனர் என்பது வழிவழிச் செய்தி. இன்றும் அத்தொலைவைப் ‘புனித மைல்’ என்றே சொல்லுகின்றனர். வேறு விளக்கமும் உண்டு. ‘ஸ்லைப்’ என்ற பழஞ்சொல் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள புழையைக் குறிப்பது. உலகத்துக்கும் திருத்தலத்துக்கும் இடையில் நின்றமையால் ‘ஸ்லைப்’ ஆலயம் என்று பெயர் பெற்று, அது திரிந்து ஸ்லிப்பர் ஆயிற்று என்பர் சிலர்.

இரண்டனுள் எது மெய்? கோயில் வாயிலில் செருப்பைக் கழற்றி வளர்ந்த நமக்கு முதலாவது விளக்கம் உடனே நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே அதனைச் சற்று ஐயத்துடன் நோக்குவது நலம். எட்டாம் ஹென்றி மன்னன் வால்சிங்கத்துக்கு வெறுங்காலுடன் நடந்த கதையைச் சர் ஹென்றி ஸ்பெல்மன் என்னும் தொல்பொருள் அறிஞர் எழுதி வைத்திருக்கின்றார். தாம் நார்போக்கில் சிறுவராக இருந்தபோது முதியோர் சொல்லக் கேட்டது என்பது அவர் கூற்று. அக்கதையில் மன்னன் காலணி நீக்கியது பார்ஷம் என்னும் ஊரில். பார்ஷம் இச்சிற்றாலயத்துக்குத் தெற்கே இருப்பது. அதாவது, மன்னன் இவ்விடத்தைக் கடக்கும் முன்பே வெறுங்காலனாய் இருந்தான். எனவே, கழற்றுதல் உண்டு, கழற்றும் இடம் இதுவே என்ற கட்டாயம் இல்லை என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

இனி, அந்த யாத்திரிகர் நாடிச் சென்ற வால்சிங்கத்தின் கதையைச் சுருங்கக் காண்போம். அதனை அறியாமல் வழியோர ஆலயத்தின் கதை விளங்காது.

1061-ஆம் ஆண்டில் ரிச்செல்திஸ் என்னும் பெருமாட்டிக்குத் தேவமாதா காட்சி தந்து, நாசரேத்தில் தாம் மங்கள வார்த்தை கேட்ட வீட்டைக் காட்டி, அதன் அளவிலேயே ஒரு வீடு கட்டுமாறு பணித்தாள் என்பது தலபுராணம். 1061 என்ற ஆண்டு, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ரிச்சர்டு பின்சன் அச்சிட்ட ஒரு கதைப்பாட்டினால் நமக்குக் கிடைப்பது. அந்நூலின் ஒரே படி கேம்பிரிட்ஜில் பீப்ஸ் நூலகத்தில் இருக்கின்றது. நிகழ்ச்சிக்கும் ஏட்டுக்கும் இடையே நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளபடியால், வரலாற்று ஆசிரியர் பலர் தலத்தின் தோற்றத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குத் தள்ளுவர். அந்நூற்றாண்டின் நடுவில் அகுஸ்தீனார் சபைத் துறவிகள் அங்கே மடம் நிறுவினர் என்பதில் ஐயமில்லை.

பேரரசர்கள் தேடி வந்த அந்தத் திருவீடு எவ்வளவு பெரியது? 1479-இல் வில்லியம் வூர்ஸ்டர் என்னும் பயணி அளந்து குறித்திருக்கின்றார். இருபத்து மூன்றரை அடி நீளம். பதின்மூன்று அடிக்கும் குறைந்த அகலம். நம் கிராமத்துத் திண்ணை வீடு ஒன்றின் அளவு! மரத்தால் ஆகிய அவ்வீட்டைச் சுற்றிக் கல்லால் ஒரு கூடம் எழுப்பியிருந்தனர். அதன் அடித்தளத்தை 1961-இல் அகழ்ந்து கண்டனர்.

மூன்றாம் ஹென்றி முதலாக எட்டாம் ஹென்றி ஈறாக இங்கிலாந்தின் அரசர் மிகப் பலர் வால்சிங்கம் சென்று தொழுதனர். பொதுமக்கள் வந்ததற்குக் கணக்கே இல்லை. லண்டனிலிருந்து புறப்பட்டவர் நியூமார்க்கெட், பிராண்டன், ஸ்வாபம், காசில் ஏக்கர், பார்ஷம் என்று ஊர் ஊராய் நடந்தனர். கடல்வழி வந்தவர் கிங்ஸ் லின் துறையில் இறங்கினர். அவர்களுக்கென அங்கே செம்மேட்டின்மீது எண்கோண வடிவில் கட்டிய வழிநடை ஆலயம் இன்றும் நிற்கின்றது. வானத்தில் ஒளிக்கோடாகத் தோன்றும் ஆகாச கங்கையை நார்போக் மக்கள் ‘வால்சிங்கம் வழி’ என்று அழைத்தனர். இரவில் நடப்போர்க்கு அது தலத்தின் திசையைக் காட்டுவதாக நம்பிக்கை. வானத்துப் பாதைக்கே ஒரு சிற்றூரின் பெயரை இட்டனர் என்றால், மண்ணில் இருந்த பாதை எவ்வளவு மிதிபட்டிருக்கும் என்று நாம் கருதிப் பார்க்கலாம்.

பெரும்பாதை எதற்கும் இடைத்தங்கல் வேண்டும். பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ கால்நடையாகச் சென்றவர்க்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுமைதாங்கி, தண்ணீர்ப் பந்தல், சாவடி, சத்திரம் ஆகிய இவை இல்லாமல் நம் நாட்டிலும் தலயாத்திரை இல்லை. ஸ்லிப்பர் சாப்பல் அவ்வகை இடைத்தங்கல்களுள் இறுதியானது. களைப்பைத் துடைத்துக்கொண்டு, தெய்வத்தின் முன் நிற்பதற்கு மனத்தை ஒழுங்கு செய்யும் இடம் அது. அதுவே போய்ச் சேரும் இடமன்று. யாரும் அதற்காகப் புறப்பட்டு வந்ததில்லை. இதனை மனத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னால் நிகழ்ந்த மாறுதலின் விந்தை இதனால்தான் புலனாகும்.

எட்டாம் ஹென்றியின் யாத்திரை 1511-இன் தொடக்கத்தில் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜனவரி முதல் நாள் அவனுக்கு ஆண்மகவு பிறந்தது. நன்றிக்கடன் செலுத்த மன்னன் வால்சிங்கம் சென்றான். குழந்தை ஐம்பத்திரண்டு நாட்களே உயிர் வாழ்ந்தது. அக்குழந்தை பிழைத்திருந்தால் இங்கிலாந்தின் வரலாறே வேறு திசையில் சென்றிருக்கும் என்று கூறுவோர் உண்டு. 1513-இல் அரசி கத்தரின், ஸ்காத்துலாந்தாருடன் நடந்த போரில் வெற்றி கிடைத்தபின், தன் நேர்த்தியை நிறைவேற்ற வால்சிங்கம் புறப்பட்டாள். அவ்வரசியை மன்னன் பின்னர்த் தள்ளி வைத்த கதை யாவரும் அறிந்ததே. 1536-இல், உற்றாரின்றி, நோயுற்று இறக்கும் தறுவாயில் அவள் விட்டுச்சென்ற விருப்பங்களுள் ஒன்று நெஞ்சைத் தொடுவது. தனக்காக ஒருவர் வால்சிங்கத்துக்கு யாத்திரை செல்ல வேண்டும். செல்லும் வழியில் இருபது நோபிள் காசு தருமமாக வழங்க வேண்டும். தலத்துக்கு மட்டுமன்றி, வழிக்கும் அவள் பங்கு வைத்தாள்.

இதற்கிடையில், 1512-இல் எராஸ்மஸ் என்னும் பேரறிஞர் கேம்பிரிட்ஜிலிருந்து வால்சிங்கம் சென்றார். தாம் கண்டதை 1526-இல் உரையாடல் நூலாக வெளியிட்டார். பொன்னும் வெள்ளியும் மணியும் மெழுகுவர்த்தி ஒளியில் மின்னிய காட்சியை அவர் வருணிப்பதில் வியப்பும் ஏளனமும் சரிபாதியாகக் கலந்துள்ளன. 1535-ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த கணக்கின்படி, அந்தத் திருவீட்டில் ஓராண்டில் சேர்ந்த காணிக்கை 250 பவுனுக்கு மேல். அத்தகைய செல்வம் கண்ணில் பட்டபின் அதற்கு ஆபத்து வராதிருக்குமா?

மன்னன் போப்பாண்டவருடன் பிணங்கித் தானே திருச்சபைத் தலைவன் ஆனான். மடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. வால்சிங்கத்திலும் வீழ்ச்சி வரப்போகின்றது என்று உணர்ந்த சிலர் 1537-இல் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டனர். செய்தி வெளிப்பட்டது. பதினொருவருக்கு மரண தண்டனை. மடத்தின் துணைத்தலைவர் நிக்கொலஸ் மைலமும் ஜார்ஜ் கிஸ்பரோ என்பவரும் வால்சிங்கத்திலேயே கொல்லப்பட்டனர். 1538-இல் தேவமாதாவின் சுரூபத்தை லண்டனுக்கு எடுத்துச் சென்று எரித்தனர். மடம் அரசுடைமை ஆயிற்று.

அரசாங்க ஏடுகளோடு பழகியவர்க்கு ஒரு செய்தி தனிச்சுவை உடையது. மாதாவின் முன் மன்னன் பெயரால் எரியும் மெழுகுவர்த்திக்கு அரண்மனைக் கணக்கில் ஆண்டுதோறும் பணம் எழுதி வந்தனர். 1538 மார்ச்சு மாதத்திலும் எழுதினர். அவ்வாண்டு செப்டம்பரில் அதே தலைப்பின்கீழ் ‘இல்லை’ என்ற ஒரு சொல் மட்டும் இருக்கின்றது. முந்நூறு ஆண்டு வழக்கத்துக்கு எழுத்தர் வைத்த முற்றுப்புள்ளி அது. கோப்புகளில் இத்தகைய சொற்களை நாளும் கடந்து செல்லும் நம்போல்வார் எத்தனை முறை நின்று பார்க்கின்றோம்?

மடத்து நிலத்தைத் தாமஸ் சிட்னி என்பவர் 90 பவுனுக்கு வாங்கினார். ஓராண்டுக் காணிக்கையில் பாதிக்கும் குறைவான தொகை! பேராலயத்தின் கல்லும் ஈயமும் பெயர்ந்து போயின. கீழைச் சாளரத்தின் ஓங்கிய வளைவு ஒன்றே இன்று புல்வெளியில் தனித்து நிற்கின்றது.

பெரிய கோயில் இவ்வாறு போயிற்று. ஒரு மைலுக்கு அப்பாலிருந்த சிறிய கோயிலோ கூரையும் சுவருமாக நின்றுவிட்டது. காரணம் என்ன? அற்புதம் என்பார் ஒரு சாரார். என் அறிவுக்கு எட்டியவரை காரணம் எளியது. பொன்னும் மணியும் குவிந்த இடம் அதுவன்று. ஆகவே சூறையாட வந்தவர்க்கு அதில் நாட்டம் இல்லை. பேராலயத்தை இடித்தால் கல் மிஞ்சும். இச்சிறு கட்டடத்தை இடித்தால் மிஞ்சும் கல்லைவிட, இடிக்காது விட்டால் கிடைக்கும் நிழல் பயனுடையது. உழவருக்குக் கூரை வேண்டும். அவர்கள் அதனைப் பயன்படுத்தினர். பயன்பட்டதால் பழுது பார்த்தனர். பழுது பார்த்ததால் அது நின்றது.

ஏழைகள் ஒதுங்கும் விடுதியாக அது சிலகாலம் இருந்தது. கொல்லன் உலைக்களமாக இருந்தது. மாட்டுத் தொழுவமாக இருந்தது. தானியமும் வைக்கோலும் அடைக்கும் களஞ்சியமாக இருந்தது. ஏறத்தாழ முந்நூற்று ஐம்பது ஆண்டுக் காலத்தை இந்த நான்கு வாக்கியத்தில் அடக்கிவிடலாம். அரசர் வந்த நாளுக்கு ஏடுண்டு. மாடு கட்டிய நாளுக்கு ஏடில்லை. தொழுவமாகக் கிடந்ததை எண்ணி வருந்தி எழுதுவோர் பலர். பெத்லகேமில் குழந்தை பிறந்த இடத்தை நினைவில் கொண்டோர் அவ்வாறு எழுதச் சற்றே தயங்கியிருக்கலாம்.

இந்தக் களஞ்சியத்தைக் கோயிலென்று மீண்டும் கண்டவர் சார்லட் பாய்டு என்னும் பெண்மணி. 1837-இல் மக்காவில் பிறந்தவர். ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தவர். சிறுமியாக இருந்தபோது கிளாஸ்டன்பரி மடத்தின் இடிபாடுகளைக் கண்டு மனம் உருகி, பாழ்பட்ட இறையில்லங்களை மீட்பதே தம் பணி என்று உறுதி பூண்டார் என்பர். லண்டனில் கில்பர்ன் பகுதியில் அனாதைச் சிறுவர் இல்லம் நடத்தினார். மடங்களை மீட்பதற்கென ஓர் அறநிலையமும் கண்டார். 1892-இல் கென்ட் கோட்டத்து மாலிங் மடத்தைத் தம் திருச்சபைக் கன்னியர்க்காக அதன் வாயிலாக வாங்கினார். வால்சிங்கம் சென்றிருந்தபோது பாதையோரத்துக் களஞ்சியம் கண்ணில் பட்டது. வால்சிங்கம் நிலங்களுக்கு உரிமையாளரான லீ வார்னர் குடும்பத்தாருடன் பேச்சைத் தொடங்கினார்.

பேச்சு முடியுமுன் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1894-இல் பாய்டு அம்மையார் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். மாலிங் மடம் அறநிலையத்தின் பெயரில் இருந்ததால் பழைய திருச்சபையோடு தங்கிவிட்டது. தாம் தேடிய பெரும் பொருளைத் தாமே விட்டு வந்தவர் ஆனார் அவர். 1896-இல் சிற்றாலயத்தின் கிரயம் முடிந்தது. தாமஸ் கார்னர் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு அதனைத் திருத்தி அமைத்து, டவுன்சைட் மடத்து ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளுக்கு உடைமையாக்கினார்.

கட்டடம் கிடைத்தது, வழிபாடு கிடைக்கவில்லை. போப்பாண்டவர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1897-இல் வால்சிங்கம் மாதாவின் வணக்கத்துக்கு ஒப்புதல் தந்தபோது, அதற்குரிய பீடம் இருபது மைலுக்கு மேல் தொலைவிலுள்ள கிங்ஸ் லின் நகரக் கோயிலில் அமைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், கிங்ஸ் லின்னிலிருந்து சிறு கூட்டம் ஒன்று ரயிலேறி வந்து, ஹௌட்டன் பாதை வழியே இச்சிற்றாலயத்துக்கு நடந்தது. சீர்திருத்தக் காலத்துக்குப்பின் நிகழ்ந்த முதல் பொது யாத்திரை அதுவே. பிறகு அநேகமாக முப்பத்தேழு ஆண்டுகள், பழுது நீக்கிய கட்டடம் பூட்டியபடியே காத்துக் கிடந்தது. பாய்டு அம்மையார் 1906-இல் காலமானார். தாம் வாங்கிய கட்டடத்தில் மணி ஒலிப்பதை அவர் காணவில்லை.

இக்காலத்தில் ஆங்கிலத் திருச்சபையார் சும்மா இருக்கவில்லை. 1921-இல் வால்சிங்கத்துக்குப் பங்குக் குருவாக வந்த ஆல்பிரடு ஹோப் பேட்டன் மறு ஆண்டே ஊர்க்கோயிலில் மாதாவின் சுரூபத்தை நிறுவினார். 1931-இல் திருவீட்டையும் புதிதாகக் கட்டினார். இதனைக் கண்டு கத்தோலிக்கரும் விழித்துக்கொண்டனர் என்று சொன்னால் மிகையாகாது. போட்டியும் சில நேரங்களில் பக்திக்குத் துணை செய்யும்.

நார்தாம்ப்டன் மேற்றிராணியார் யூவன்ஸ் 1934 ஆகஸ்டு 15-இல் ஸ்லிப்பர் சாப்பலில் பூசை நிறைவேற்றினார். நான்கு நாள் கழித்து, 19-ஆம் நாள், கர்தினால் போர்ன் தலைமையில் பத்தாயிரம் பேருக்கு மேற்பட்டோர் திரண்டனர். அன்று முதல் இங்கிலாந்தின் கத்தோலிக்கர்க்கு மாதாவின் தேசியத் திருத்தலம் இச்சிற்றாலயமே. பழைய மடத்து முத்திரையில் பொறித்திருந்த உருவத்தை மாதிரியாகக் கொண்டு மார்செல் பார்போ என்பவர் செதுக்கிய சுரூபம் பீடத்தில் ஏறியது. யாரும் தன்பொருட்டு வந்திராத இடைத்தங்கல், யாவரும் வந்து சேரும் இடமாக மாறிய விந்தை இதுதான். தலம் மறைந்தபோது தலத்தின் பெருமை வழியோரத்து வாயிற்காவலனிடம் வந்து தங்கிவிட்டது.

அதன்பின் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1938-இல் பக்கத்தில் பரிசுத்த ஆவியின் ஆலயம் எழுந்தது. உலகப்போர் ஐரோப்பாவில் முடிந்த சில நாளில், 1945 மே 17-இல், அமெரிக்க விமானப் படையினர் பழைய மடத்துப் புல்வெளியிலேயே பூசை நடத்தினர். 1948-இல் நாட்டின் பல பகுதிகளிலிருந்து பதினான்கு குழுவினர் கனத்த மரச்சிலுவைகளைத் தோளில் தாங்கி இவ்விடத்துக்கு நடந்து வந்தனர். போரில் மெலிந்த தேசத்தின் மனப்புண்ணுக்கு அது மருந்தாயிற்று. அச்சிலுவைகள் ஆலயத்து வெளியில் இன்றும் உள்ளன. 1954-இல் சுரூபத்துக்கு முடிசூட்டினர். 1982 மே 29-இல் போப்பாண்டவர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் லண்டன் வெம்பிளியில் பூசை நிறைவேற்றியபோது, அச்சுரூபம் அங்கே கொண்டு செல்லப்பட்டுப் பீடத்தில் இடம்பெற்றது. 2015-இல் போப்பாண்டவர் பிரான்சிஸ் இத்தலத்தைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார். நம் வேளாங்கண்ணி 1962-இல் பெற்ற அதே சிறப்பு இது.

கூட்டம் பெருகவே சிற்றாலயம் போதவில்லை. எதிரிலேயே பெரிய கோயில் ஒன்று கட்டி 1981-இல் அபிஷேகம் செய்தனர். ஒப்புரவு ஆலயம் என்று அதற்குப் பெயர். அதன் வடிவத்தை எதனைப் பார்த்து அமைத்தனர் என்று கேட்டால் வியப்படைவீர்கள். நார்போக் உழவரின் களஞ்சியத்தைப் பார்த்து! களஞ்சியமாய்க் கிடந்த கோயிலின் அருகே, களஞ்சியம் போன்ற கோயில். ஊரார் மூன்றரை நூற்றாண்டுக் காலம் செய்த உதவிக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை வேறு இருக்க முடியாது. இதையொத்த மற்றொரு செய்தி: வால்சிங்கத்துக்கு 1857 முதல் ரயில் ஓடியது, 1964-இல் பயணிகள் வண்டியை நிறுத்திவிட்டனர். கைவிட்ட நிலையத்தை 1967-இல் வைதிக ரஷ்ய மரபுக் கிறிஸ்தவர் சிலர் தம் சிற்றாலயமாக்கினர். தண்டவாளம் பெயர்த்த பாதையில் இப்போது யாத்திரிகர் நடக்கின்றனர். தொழுகை இடம் தொழுவமாவதும், புகைவண்டி நிலையம் தொழுகை இடமாவதும் அவ்வட்டாரத்துக்குப் பழகிப்போன செய்தி.

இப்பாதையில் தமிழ் ஒலியும் கேட்கின்றது என்பது நேயர்களுக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். இலங்கையில் 1983-க்குப் பின் மூண்ட போரினால் ஊரும் உறவும் இழந்து பிரிட்டனில் குடியேறிய தமிழர் பல்லாயிரவர். அவர்கள் ஆண்டுதோறும் கோடையில், ஜூலைத் திங்களில், லண்டன் முதலிய நகரங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இங்கே வருகின்றனர். ஆயிரக்கணக்கில் திரளும் அக்கூட்டம் இத்தலத்தின் பெரிய யாத்திரைகளுள் ஒன்று. மன்னார்ப் பகுதியில் உள்ள மடு மாதா கோயிலுக்குக் கத்தோலிக்கரோடு இந்துக்களும் செல்வது பழைய வழக்கம். அவ்வழக்கத்தையும் அவர்கள் உடன்கொண்டு வந்திருக்கின்றனர். கேரளத்திலிருந்து பிரிட்டனில் குடியேறிய சிரியன் மரபினரும் தமக்கென ஒரு நாள் வகுத்துக்கொண்டு பெருந்திரளாக வருவர்.

மடுவுக்குப் போக இயலாத ஆண்டுகளில் மடுவுக்குச் செலுத்த வேண்டிய நேர்ச்சையை வேறெங்கே செலுத்துவது? பிறந்த ஊரின் திருவிழா நாளன்று தில்லிக் குளிரிலோ மும்பை மழையிலோ அலுவலகம் சென்று திரும்பும் நம்மவர்க்கு இக்கேள்வியின் கனம் தெரியும். தில்லியில் மலைமேல் முருகனுக்குக் கோயில் எடுத்ததும், மாதுங்காவில் நம் பண்டிகைகள் மணப்பதும் இக்கேள்விக்கு நாம் கண்ட விடைகள். பிரிட்டன் தமிழர்க்கு விடை தந்தது, அரசர்களும் எராஸ்மஸும் நாடிப்போன பெருந்தலம் அன்று. வழிப்போக்கருக்காக எவரோ 1340-இல் கட்டி வைத்த ஓரறை.

அந்த அறையில் அத்தனை பேரும் நுழைய இயலாது. ஆகவே யாத்திரை நாளில் பூசை வெளியிலேயே நடக்கும். மக்கள் புல்தரையில் அமர்ந்திருப்பர். முதியோர் வரிசையில் நின்று சிற்றாலயத்துள் சென்று, மெழுகுவர்த்தி ஏற்றி, மறுபக்கம் வருவர். பின்னர், தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டே, ஸ்டிப்கி ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே வால்சிங்கம் நோக்கிச் செல்லும் அந்த ஒரு மைல் தொடங்கும். செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற விதி இப்போது இல்லை. விரும்புவோர் கழற்றிவிட்டு நடக்கின்றனர்.